உள்ளூர்ச் சமூகம் என்றால் யார்? கார்பன் சந்தையும் சேரியும்

(மதுரையில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மேடையில் சொல்லாமல் விட்ட சில எண்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

 

கார்பன் சந்தையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், "சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் அதற்கு என்ன வேலை?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். காலநிலை மாற்றம் என்றால் பனிக்கரடி, பனிப்பாறை, ஏசி அறையில் நடக்கும் ஐ.நா. மாநாடு என்றுதான் நமக்குக் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் பணம் கைமாறுகிற எந்த இடத்திலும் சாதி இல்லாமல் இருந்ததில்லை. இங்கே கைமாறப்போவது பெரும்பணம்.

முதலில் இந்தச் சரக்கு என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு டன் கரியமில வாயு என்பது ஏறக்குறைய 8 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரமுள்ள ஒரு அறையை நிரப்பும். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அறையைவிடப் பெரிது. இந்த ஒரு டன்னை வெளியே விடாமல் தடுத்தேன் என்று ஒருவர் நிரூபித்தால் அவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதை இன்னொருவர் விலைக்கு வாங்கி, தான் வெளியிட்ட ஒரு டன்னுக்கு ஈடாகக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். நேர்த்திக்கடன் வைத்தவர் ஒருவர், மொட்டை அடித்துக்கொள்பவர் இன்னொருவர் என்பது மாதிரி. சாமிக்குத் தலைமுடி போய்ச் சேர்ந்தால் போதும், யாருடையது என்று அது கேட்காது. வானத்துக்கும் அப்படித்தான் என்பது இந்தச் சந்தையின் அடிப்படை வாதம். அறிவியலாகப் பார்த்தால் அதில் பிழை இல்லை. கரியமில வாயு எங்கே குறைந்தாலும் குறைந்ததுதான். சிக்கல், மொட்டைக்குக் கிடைக்கும் கூலி யார் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது.

1997இல் கியோட்டோ ஒப்பந்தம் வந்தது. அதன் கீழ் சி.டி.எம். என்றொரு ஏற்பாடு. 'தூய வளர்ச்சி இயங்குமுறை' என்று தமிழில் எழுதுகிறார்கள். பணக்கார நாடுகள் தங்கள் ஊரில் குறைக்க வேண்டியதில் ஒரு பகுதியை, வளரும் நாடுகளில் குறைத்துக் கணக்குக் காட்டலாம். அவர்களுக்குச் செலவு மிச்சம், நமக்கு முதலீடும் தொழில்நுட்பமும் கிடைக்கும், இரண்டு பேருக்கும் லாபம் என்றார்கள். உலகம் முழுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட திட்டங்கள் பதிவாயின. சீனாவுக்கு அடுத்து அதிகமாகப் பதிந்தது இந்தியா.

என்ன நடந்தது? குளிர்பதன வாயு தயாரிக்கும் ஆலைகளில் எச்.எஃப்.சி-23 என்ற கழிவு வாயு வரும். கரியமில வாயுவைவிட 11,700 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று சி.டி.எம். கணக்குப் போட்டது. அதை எரித்து அழிக்க ஒரு டன்னுக்கு ஒரு யூரோகூட ஆகாது. சான்றிதழோ பத்து யூரோவுக்கு மேல் விற்றது. ஆக, குளிர்பதன வாயுவை விற்பதைவிடக் கழிவை அழித்துச் சான்றிதழ் விற்பதில் அதிக லாபம்! இந்தியாவிலும் சீனாவிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆலைகள் இதில் கொழித்தன. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சான்றிதழ்களை இனி ஏற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டது. 2016இல் இந்திய அரசு, இந்த வாயுவை உங்கள் செலவிலேயே அழியுங்கள் என்று ஆலைகளுக்கு உத்தரவு போட்டது. ஒரே உத்தரவில் முடிகிற வேலைக்கு இத்தனை வருடம் உலகம் பணம் கொடுத்திருக்கிறது.

இது முதலாளிகளின் தந்திரக் கதை. நான் சொல்ல வந்தது அடுத்த கதை.

தெற்கு டெல்லியில் ஓக்லா என்று ஒரு பகுதி. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் ஒன்று 2007இல் சி.டி.எம். திட்டமாகப் பதிவானது. ஆண்டுக்குச் சுமார் 2.6 லட்சம் டன் குறைப்போம் என்று கணக்குக் கொடுத்தார்கள். எப்படி என்றால், குப்பை கிடங்கில் மக்கினால் மீத்தேன் வாயு வரும், எரித்துவிட்டால் வராது, அதனால் அது குறைப்பு. ஆலை 2012இல் ஓடத் தொடங்கியது.

இப்போது டெல்லியின் குப்பையை நினைத்துப் பாருங்கள். அது வீட்டுவாசலிலிருந்து நேராகக் கிடங்குக்குப் போவதில்லை. நடுவில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் என்பார்கள். தலித்துகள், இஸ்லாமியர்கள், வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். காகிதம், அட்டை, பிளாஸ்டிக், இரும்பு என்று கையால் பிரித்தெடுத்துக் காயலான் கடையில் போடுகிறார்கள். அந்தக் காகிதம் மறுபடி காகிதமாகிறது, மரம் வெட்டுவது குறைகிறது. அந்தப் பிளாஸ்டிக் மறுபடி பிளாஸ்டிக்காகிறது, எண்ணெய் எரிப்பது குறைகிறது. டெல்லியின் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் இப்படி ஆண்டுக்கு 9.6 லட்சம் டன் கரியமில வாயு அளவுக்குக் குறைக்கிறார்கள் என்று 2009இல் சிந்தன் என்ற அமைப்பு கணக்கிட்டுச் சொன்னது. ஓக்லா ஆலை காட்டிய கணக்கைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல்.

சான்றிதழ் யாருக்குப் போனது? ஆலைக்கு. பொறுக்குபவர்களுக்கு ஒரு கிராம்கூட இல்லை.

இத்தோடு நின்றிருந்தால், சரி, கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்று சொல்லிவிடலாம். இந்தியக் குப்பையில் ஈரம் அதிகம், அதை எரிப்பது கடினம். நன்றாக எரியக்கூடியது எது? காகிதமும் அட்டையும் பிளாஸ்டிக்கும்தான். அதாவது இவர்கள் பொறுக்கி விற்கிற அதே பொருள். ஆலையின் அடுப்புக்கும் தொழிலாளியின் சோற்றுக்கும் ஒரே சரக்கு. ஆலை பசித்தால் இவர் பட்டினி. மறுசுழற்சிக்குப் போகவேண்டிய பொருளை எரித்துவிட்டு, அந்த எரிப்புக்குப் பசுமைச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஐ.நா.வின் முத்திரை இருந்தது. 2009 டிசம்பரில் கோபன்ஹேகன் மாநாட்டுக்குப் பல நாடுகளின் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் நேரில் போய், எரியுலைகளுக்குக் கார்பன் பணம் கொடுக்காதீர்கள், அந்தப் பணத்தை மறுசுழற்சிக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நம் பாடப்புத்தகங்களில் வராத செய்தி என்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஓக்லாவில் ஒரு வழக்கும் நடந்தது. ஆலைக்குப் பக்கத்துக் குடியிருப்புவாசிகள் புகைக்கு எதிராக நீதிமன்றம் போனார்கள். 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆலைக்கு 25 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, தொடர்ந்து இயங்கலாம் என்றது. அவர்களுடைய புகார் உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. மூக்குக்கு வந்த ஆபத்துக்கு ஒரு வழக்கு எண் கிடைத்தது. வயிற்றுக்கு வந்த ஆபத்து எந்தப் பத்தியில் எழுதப்பட்டது என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது.

டெல்லிக் கதை நமக்கெதற்கு என்று யாரும் நினைக்கவேண்டாம். கொடுங்கையூரில் எரியுலை வேண்டாம் என்று 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். மூன்று மாதம் கழித்து ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்துக்கு எதிராக உட்கார்ந்தார்கள். இரண்டும் ஒரே குப்பைவண்டியின் இரண்டு சக்கரம்.

இதில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: கார்பன் சந்தை உழைப்பைப் பார்ப்பதில்லை, உடைமையைப் பார்க்கிறது. புகைபோக்கி யாருடையது, நிலம் யாருடையது, பட்டா யார் பெயரில் என்று கேட்கிறது. உடைமை இந்த நாட்டில் எப்படிப் பங்கு பிரிக்கப்பட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

விவசாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உழாமல் விதைப்பது, வைக்கோலை எரிக்காமல் விடுவது, நெல்லுக்குத் தண்ணீரை விட்டுவிட்டுக் கட்டுவது என்று பல முறைகளுக்கு இப்போது கார்பன் பணம் தருகிறோம் என்று நிறுவனங்கள் ஊர் ஊராக வருகின்றன. ஹரியானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் இப்படிப்பட்ட ஏழு திட்டங்களை ஆராய்ந்த ஒரு ஆய்வு 2024இல் வெளியானது. சேர்க்கப்பட்ட விவசாயிகளில் பெண்கள் 4 விழுக்காடு. விளிம்புநிலையில் இல்லாத சமூகங்களைச் சேர்ந்தவர்கள் 63 விழுக்காடு. இன்னொரு எண்ணும் உண்டு, அது சிரிப்பை வரவழைக்கும்: சேர்ந்தவர்களில் 99 விழுக்காட்டினருக்குக் கார்பன் பணம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே கால்வாசிப் பேருக்கு மேல் விட்டுவிட்டார்கள்.

"யாருக்கும்தான் வரவில்லையே, இதில் சாதி எங்கே?" என்று கேட்கலாம். இன்று வரவில்லை, நாளைக்கு வரும். வரும்போது யார் பெயர் பதிவேட்டில் இருக்குமோ அவருக்குத்தான் வரும். இந்தியாவின் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினரிடம் இருப்பது சுமார் 9 விழுக்காடு, மக்கள்தொகையிலோ அவர்கள் 16.6 விழுக்காடு. எங்கள் பெரியம்மா ஐம்பது வருடம் நாற்று நட்டவர். தண்ணீரை வற்றவிட்டுக் கட்டினால் களை கூடும், களையெடுக்கக் கூடுதலாகக் குனிய வேண்டியது அவர்தான். மீத்தேனைக் குறைத்தவர் என்ற சான்றிதழ் வரப்பில் குடைபிடித்து நிற்பவருக்குப் போகும். அவருக்கு அன்றைய கூலி.

நிலத்தை விட்டால் காற்று. காற்றுக்குமா பட்டா என்று கேட்காதீர்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போயிருப்பீர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. தமிழ்நாட்டின் காற்றாலைகளில் பல சி.டி.எம்.மில் பதிவானவை. அதில் ஒன்று, தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் ஒருங்கிணைத்த காற்றாலைத் தொகுப்புத் திட்டம். நூற்பாலைகள் தங்கள் மின்சாரத் தேவைக்குக் காற்றாலை வைத்தன, அதற்குக் கார்பன் சான்றிதழ் கேட்டன. காற்றாலை நல்லதுதான், நிலக்கரியைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் அந்த ஆண்டுகளில் திண்டுக்கல், கோவை, ஈரோடு, திருப்பூர் பகுதி நூற்பாலைகள் பலவற்றில் நடந்துகொண்டிருந்தது என்ன? சுமங்கலித் திட்டம். பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை மூன்று வருடம் விடுதியில் அடைத்துவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்ற ஒப்பந்தம். அதில் பெரும்பகுதி தலித் பிள்ளைகள் என்று ஆய்வுக்குமேல் ஆய்வு சொன்னது. காற்றாலைத் திட்டத்தில் இருந்த ஆலைகள்தான் இதைச் செய்தன என்று நான் சொல்லவில்லை. அந்த மாதிரிப் பழி சொல்ல ஆதாரம் வேண்டும். நான் சொல்வது, ஆலையின் மின்சாரம் சுத்தமா என்று அளந்த அந்தப் படிவத்தில், ஆலைக்குள் நூல் சுற்றும் பிள்ளையின் வயதைக் கேட்கும் கட்டம் கிடையாது. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

இப்போது புதிய சந்தைக்கு வருவோம். பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு. 2015இல் ஏற்கப்பட்டு, 2021இல் கிளாஸ்கோவில் விதிகள் எழுதி, 2024 நவம்பரில் பாக்கூவில் மிச்ச விதிகளையும் முடித்தார்கள். நாடும் நாடும் நேரடியாகப் பேசி விற்றுக்கொள்வது ஒரு வழி, ஐ.நா. மேற்பார்வையில் விற்பது இன்னொரு வழி. முதல் வழியில் முதல் விற்பனை நடந்தது பாங்காக்கின் மின்சாரப் பேருந்துகளில். அங்கே குறைந்த 1,916 டன்னை சுவிட்சர்லாந்து வாங்கியது. செலவு அந்த நாட்டுப் பெட்ரோல் இறக்குமதியாளர்களுடையது. அந்தப் பேருந்துகள் இந்தப் பணம் இல்லாமலும் ஓடியிருக்கும் என்று சுவிட்சர்லாந்திலேயே சிலர் சண்டை போட்டார்கள். இந்தியா 2023இல் தனக்கென ஒரு கார்பன் வணிகத் திட்டத்தை அறிவித்தது. 2025 ஆகஸ்டில் ஜப்பானோடு ஒப்பந்தமும் போட்டாகிவிட்டது. ஆக இது வரப்போகிற சந்தை இல்லை, வாசலுக்கு வந்துவிட்ட சந்தை.

பழையதற்கும் புதியதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, கவனியுங்கள். முன்பு வளரும் நாடுகளுக்குக் குறைப்பு இலக்கு கிடையாது, எவ்வளவு விற்றாலும் நம் கணக்கில் பள்ளம் விழாது. இப்போது எல்லா நாட்டுக்கும் இலக்கு இருக்கிறது. ஒரு டன்னை ஜப்பானுக்கு விற்றால் அந்த ஒரு டன்னை நம் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். எது முதலில் விற்கும்? மலிவாக, எளிதாகக் குறைக்க முடிந்ததுதான். அதையெல்லாம் விற்றுவிட்டு, கடினமானதை நாளைக்கு நாமே நம் செலவில் குறைக்க வேண்டிவரும். விதைநெல்லை விற்றுத் திருவிழா பார்த்த கதை. அந்த நாளைய செலவு மின்கட்டணமாகவோ பேருந்துக் கட்டணமாகவோ வந்து யார் தலையில் விழும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

வளரும் நாடுகள் இந்தச் சந்தையைப் பயன்படுத்தத் 'திறன் வளர்ப்பு' செய்கிறோம் என்று பல நிறுவனங்கள் பயிலரங்கு நடத்துகின்றன. எப்படிக் கணக்கெடுப்பது, எப்படிப் பதிவது, எப்படி விற்பது. எல்லாம் தேவைதான். ஆனால் அந்தப் பயிலரங்குகளில் 'வளரும் நாடு' என்பது ஒரே ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த ஆளுக்குள் ஊர் உண்டு, சேரி உண்டு, நடுவில் சில இடங்களில் சுவரும் உண்டு.

பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையைப் படியுங்கள். மனித உரிமை, பழங்குடிகள், உள்ளூர்ச் சமூகங்கள், புலம்பெயர்ந்தோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் என்று வரிசை வரும். நல்ல வரிசை, பலர் போராடி வாங்கியது. சாதி அதில் இல்லை. 'உள்ளூர்ச் சமூகம்' என்ற சொல்லுக்குள் எல்லாரும் அடங்கிவிட்டதாக எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். நம்மூரில் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தால் அது ஊருக்குத்தான் பொருந்தும். திட்டத்துக்கு உள்ளூர்ச் சமூகத்தின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது விதி. கூட்டம் எங்கே நடக்கும்? கோயில் மண்டபத்தில், இல்லையென்றால் தலைவர் வீட்டுத் திண்ணையில். நாம் எங்கே நிற்போம்? வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார்கள். புகையில்லா அடுப்பு கொடுத்துக் கார்பன் சான்றிதழ் வாங்கும் திட்டங்களிலும் இதே வழக்கம்தான். அடுப்பை வாங்கும் அம்மா கைநாட்டு வைக்கும் தாளில், இதனால் வரும் கார்பன் உரிமை நிறுவனத்துக்கே என்று ஒரு வரி இருக்கும். அடுப்பு கிடைத்த சந்தோஷத்தில் யார் படிப்பார்?

பொது என்ற சொல்லை நம்பி நாம் ஏமாந்த வரலாறு பழையது. பொதுக் குளங்கள் எல்லாருக்கும் திறந்தவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சி 1924இல் சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதாக எழுதிவைத்தது. காகிதத்தில் திறந்த குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ள 1927 மார்ச்சில் பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது. அள்ளிக் குடித்ததற்கு அடி விழுந்தது. நீதிமன்றத் தீர்ப்பு 1937இல்தான் வந்தது. வானமும் இப்போது பொது என்கிறார்கள்.

உரை முடிந்ததும் ஒரு மாணவி கேட்ட கேள்வியையும் என் பதிலையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். "அப்படியானால் இந்தப் பணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா தோழர்?"

சொல்லலாம், சிலர் சொல்கிறார்கள், அவர்களோடு எனக்குப் பகை இல்லை. எனக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல வரவில்லை. பாக்கூவில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். பணக்கார நாடுகள் 2035க்குள் திரட்ட முன்வருவதாக ஒப்புக்கொண்டது 30,000 கோடி. இந்தியப் பிரதிநிதி அந்த அரங்கிலேயே எதிர்த்தார். இருநூறு வருடம் புகை விட்டவர்கள் கொடுக்க வேண்டியது கடன் பாக்கி. சந்தையில் நம்மிடம் டன் வாங்குவது வியாபாரம். வியாபாரப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கடனைத் தீர்த்ததாக எழுத விடக்கூடாது. இது நம் அரசு அங்கே பேசவேண்டியது, ஓரளவு பேசவும் செய்கிறது. அங்கே நீதி கேட்கிற அதே குரல் இங்கே பங்கு கேட்கும்போது அடைத்துக்கொள்கிறதே, அதுதான் என் சிக்கல்.

கென்யா 2023இல் தன் காலநிலைச் சட்டத்தைத் திருத்தியது. நிலம் சார்ந்த கார்பன் திட்டமென்றால் வருமானத்தில் 40 விழுக்காடு சமூகத்துக்கு, மற்றவற்றில் 25 விழுக்காடு என்று எழுதியது. மேய்ச்சல் நிலங்களில் மக்களைக் கேட்காமல் நடந்தவற்றைப் பார்த்து வந்த கோபம் அது. சட்டத்தில் எண் இருப்பதால் பணம் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் எண் இருந்தால் சண்டை போட ஒரு பிடி கிடைக்கும். இந்தியாவில் அப்படி ஒரு எண் வேண்டும் என்று கேட்கலாம். அந்தப் பங்கு நிலக்காரரோடு நிற்காமல் கூலிக்காரருக்கும் போகவேண்டும் என்று கேட்கலாம். குப்பை பொறுக்கும் தொழிலாளர் சங்கமே சான்றிதழுக்கு உரிமையாளராகப் பதியலாம் என்று கேட்கலாம். கருத்துக்கேட்புக் கூட்டம் சேரியில் தனியாக நடக்கவேண்டும், வந்தவர் யார் என்பது சாதிவாரியாகப் பதிவாக வேண்டும் என்று கேட்கலாம். ஐ.நா. வழியில் இப்போது முறையீடு செய்ய ஒரு நடைமுறையும் வந்திருக்கிறது, பழைய சி.டி.எம்.மில் அது இல்லை. அதற்கு ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் வேண்டும்.

மாணவிக்கு நான் கடைசியாகச் சொன்னது ஒரு வேலை. சி.டி.எம். திட்டங்களின் ஆவணங்கள் ஐ.நா. இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் உள்ளூர் மக்களிடம் கருத்துக் கேட்டதைப் பற்றி ஒரு பகுதி இருக்கும். எங்கே கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். ஆளுக்கு ஒரு ஆவணத்தை எடுத்து அந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு, முடிந்தால் அந்த ஊருக்குப் போய், அப்படி ஒரு கூட்டம் நடந்தது தெரியுமா என்று சேரியில் விசாரித்துவிட்டு வாருங்கள். திண்டுக்கல் தோழர்கள் நூற்பாலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பேசுவோம்.